பூ வச்சாச்சா?

இது நடந்தது போன வருஷச் சித்திரையிலா, அதற்கு முந்தின வருஷத்திலா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு ரேஷன் கடையில் பருப்பு போட்டார்களா, பாமாயில் போட்டார்களா என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் வரிசையில் நின்றிருந்த நெடுமாறனின் போன் அடித்தது நிஜம். அவர் அதை ஸ்பீக்கரில் போட்டதும் நிஜம். ஸ்பீக்கரில் போடாமல் பேச அவருக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

“அண்ணே, அவலூர்பேட்டை துரைக்கண்ணு பேசுறேன். பூ வச்சாச்சா?”

நெடுமாறன் யோசித்தார். மணி என்ன என்று கேட்டாலும் யோசித்துவிட்டுத்தான் சொல்வார்.

“இன்னும் இல்லீங்க.”

“எப்ப ஆவும்?”

“இந்த மாசத்துக்குள்ள ஆயிடும்.”

“வேற யாருக்கும் வாக்கு குடுத்துடாதீங்க. எங்களுக்குத்தான்.”

“உங்களுக்குத்தான்.”

போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது வரிசையே அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு முன்னால் நின்றது பக்கத்து வீட்டுக் கவிதா. அவள் முகத்தில் அரிசி மூட்டையை அவிழ்த்தது போல ஒரு சிரிப்பு.

“இன்னா மாமா, மோனிகாவுக்குப் பூ வைக்கிறீங்களா? ஒரு வார்த்தை சொல்லவேயில்ல?”

தப்பு கவிதாவுடையதில்லை. செஞ்சிப் பக்கம் செடியும் பூ வைக்கும், பெண்ணுக்கும் பூ வைப்பார்கள். பிள்ளை வீட்டார் தட்டோடு வந்து பெண்ணின் தலையில் பூச்சரத்தைச் செருகிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. நெடுமாறன் சொன்னது செடியை. அதை விளக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றியது. கொஞ்ச நேரம் எதிரே தெரிந்த ராஜகிரி மலையைப் பார்த்தார்.

“செடிக்கு,” என்றார்.

“செடிக்காம்!” என்று கவிதா பின்னால் நின்றவளிடம் சொன்னாள். “கண்ணு பட்டுடுமாம். எப்படி மறைக்கிறாரு பாரு.”

அவர் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. வாசலிலேயே நின்றிருந்தாள் மனைவி சுமலதா.

“எம் பொண்ணுக்குப் பூ வைக்கிறாங்களாம். பெத்தவ எனக்குத் தெரியாது. ரேஷன் கடைக்குத் தெரியும்.”

“செடிக்கு,” என்றார் நெடுமாறன் மறுபடியும்.

“அந்தக் கைலாசத்துக்கா?” சுமலதா தலையில் அடித்துக்கொண்டாள்.

கைலாசம் என்று அவள் சொன்னது கெய்லார்டியாவை. சாமந்தி இனத்தில் ஒரு காட்டுப்பூ. சாமந்தியைச் சிவப்பில் தோய்த்து எடுத்து விளிம்பில் மட்டும் மஞ்சளை மிச்சம் வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். கல்லிலும் மணலிலும் வளரும். வெயில் கொளுத்தினால் இன்னும் நன்றாக வளரும்.

நெடுமாறனுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்றால், சிங்கவரம் போகும் வழியில் அவருக்கு ஒரு காணி நிலம் இருக்கிறது. அதில் இருக்கும் கிணற்றில் தண்ணீர் இல்லை. இரண்டு வருஷமாக மணிலாக் கடலை போட்டுக் கொடி மட்டும்தான் வீட்டுக்கு வந்தது. சுமலதாவின் தம்பி, வல்லத்தில் இருக்கும் கன்னியப்பன், மனை போட்டு விற்கிற ஆட்களைக் கூட்டி வந்து காட்டிவிட்டான். எல்லைக் கல் நடுவதற்கு மஞ்சள் பெயிண்டுகூட வாங்கியாகிவிட்டது. “இந்தச் சித்திரை வரைக்கும் டைம் குடு,” என்று நெடுமாறன் மச்சானிடம் கேட்டார். அவர் வாழ்க்கையில் வாய்விட்டுக் கேட்ட மிகச் சில விஷயங்களில் அது ஒன்று. பூ வந்து, அதை வாங்க ஆளும் வந்தால் நிலம் தங்கும். இல்லாவிட்டால் அது ஏதாவது ஒரு நகர் ஆகிவிடும்.

தை மாதம் மணல் கலந்த பாத்தியில் விதை தூவி, நாலு இலை விட்டதும் பிடுங்கி நட்டார். ஒரு சாண் வளர்ந்ததும் ஒவ்வொரு செடியாக நுனியைக் கிள்ளினார். “நல்லா வளர்றதப் போய்க் கிள்ளுறாரே,” என்று பார்த்தவர்கள் வருத்தப்பட்டார்கள். கிள்ளினால்தான் பக்கத்தில் கிளை பிரியும். கிளைக்குக் கிளை மொட்டு வரும். இதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. யாரும் இரண்டாம் முறை கேட்கவுமில்லை.

வாங்குகிற ஆளுக்கு, மகள் மோனிகாதான் வழி சொன்னாள். அவள் பஸ் ஸ்டாண்டு எதிரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். “நைனா, பூக்கடை ராஜாம்பாள் அக்காவக் கேளு. அதுக்குத்தான் எல்லா ஊர்லயும் ஆளு தெரியும்.”

நெடுமாறன் போய் ராஜாம்பாளின் கடை முன்னால் ரொம்ப நேரம் நின்றார். ராஜாம்பாள் ஒரு முழு மாலையைக் கட்டி முடித்துவிட்டாள்.

“இன்னா தம்பி, மாலை வேணுமா? சாவா, சாமியா?”

“வீட்ல பூ வைக்கிற மாதிரி இருக்குது,” என்றார் நெடுமாறன். மேலும் யோசித்து, “நல்ல எடமா ஒண்ணு சொல்லுக்கா,” என்றார்.

ராஜாம்பாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “அவலூர்பேட்டையில ஒரு எடம் இருக்குது. துரைக்கண்ணுன்னு. பந்தல் போடுறது, மேடை ஜோடிக்கிறது. ரொம்ப நல்ல ஜனம். உன் நம்பரு குடு.”

மேடை ஜோடிக்கிறவனுக்குப் பூ எவ்வளவு வேண்டும்! நெடுமாறனுக்கு அன்று சந்தோஷத்தில் பேச்சே வரவில்லை. வழக்கமாகவும் வராது என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அதிலிருந்து துரைக்கண்ணு வாராவாரம் போன் செய்தார். “பூ வச்சாச்சா?” என்பதைத் தவிர வேறு கேட்கமாட்டார். பேச்சைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளும் மனிதர் என்று நெடுமாறனுக்கு அவர் மேல் ஒரு மரியாதையே வந்திருந்தது.

ரேஷன் கடைப் பேச்சுக்குப் பிறகு அவருக்குப் பதற்றம் வந்துவிட்டது. சீக்கிரம் பூத்துவிட்டால் ஊர் வாய் தானாக மூடிக்கொள்ளும் என்று டேங்கர் தண்ணீர் வாங்கி ஒரு பாத்திக்குத் தாராளமாக விட்டார். கெய்லார்டியாவுக்குத் தாகத்தைப் பொறுக்கத் தெரியும். உபசாரத்தைப் பொறுக்கத் தெரியாது. வேர் அழுகி அந்தப் பாத்தி முழுவதும் படுத்துவிட்டது. படுத்ததைப் பிடுங்கி வீட்டுப் பின்னால் போட்டார். அதைப் பார்த்த கவிதா, “பந்தல் போட எடம் சுத்தம் பண்றாங்க,” என்று தெருவுக்குச் சொன்னாள்.

நல்லவேளை, மற்றப் பாத்திகளில் தண்ணீர் போகவில்லை. சித்திரைக் கடைசியில் ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் முதல் பூ விரிந்திருந்தது. மறுநாள் வரப்பிலிருந்து வரப்பு வரை தீப்பிடித்த மாதிரி இருந்தது. நெடுமாறன் வரப்பில் உட்கார்ந்து வெயில் ஏறும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“மோனிகா, இத எல்லாருக்கும் தெரியுற மாதிரி போடு. செடி பூ வச்சிடுச்சுன்னு எழுது. ஊரு வாய மூடணும்.”

மோனிகா அப்பாவின் போனை வாங்கி ஸ்டேட்டஸ் போட்டாள். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். பூவின் படம். கீழே: ‘எங்கள் வீட்டில் பூ வைத்தாயிற்று.’

“செடின்னு போடலியே?”

“போட்டோவுல செடி தெரியுது இல்ல நைனா.”

அவர் யோசித்தார். தெரியத்தான் செய்தது.

ஆனால் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்கிற உலகத்தில் பூப்படத்தை யார் பார்க்கிறார்கள்? எழுத்தைத்தான் பார்த்தார்கள். மதியத்துக்குள் அறுபது பேர் கைகூப்பினார்கள். சிலர் கேக் அனுப்பினார்கள். சென்னையிலிருந்து ஒரு ஒன்றுவிட்ட அண்ணன் அழுகிற முகம் அனுப்பியிருந்தார். அது வருத்தமா ஆனந்தமா என்று தெரியவில்லை.

சாயங்காலம் கன்னியப்பன் வல்லத்திலிருந்து வந்து இறங்கினான். கையில் பழத்தட்டு, அதன் மேல் பட்டுப்புடவை, அதற்கும் மேலே கோபம்.

“மாமா! தாய்மாமன் நான் உயிரோட இருக்குறேன். என்னைக் கூப்புடாம பூ வச்சிட்டீங்களே, நான் இன்னா செத்தா போயிட்டேன்?”

“டேய், செடிக்குடா,” என்றாள் சுமலதா.

“நீ சும்மா இருக்கா. மாமா பேசட்டும்.”

மாமா பேசவில்லை. அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு நேராக நிலத்துக்குப் போனார். கன்னியப்பன் அந்தச் சிவப்பையும் மஞ்சளையும் பார்த்தான். கையில் இருந்த புடவையைப் பார்த்தான். அதைக் கீழே வைக்க மறந்து கூடவே கொண்டுவந்திருந்தான்.

“இதுக்கா நான் பட்டுப்புடவை எடுத்தேன்?”

நெடுமாறன் தலையாட்டினார்.

“சரி மாமா. பூ நல்லாத்தான் இருக்குது, இல்லன்னு சொல்லல. வாங்குறவன் எங்க? சித்திரை முடியுது. நாளைக்குள்ள ஒருத்தன் வந்து தூக்கிட்டுப் போனா நான் வாயத் தெறக்க மாட்டேன். வரலன்னா நாளைக்குச் சாயங்காலம் கல்லு நட ஆளு வருவாங்க. சொல்லிட்டேன்.”

அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. ஸ்பீக்கரில் துரைக்கண்ணுவின் குரல் நடுங்கியது.

“அண்ணே, ஸ்டேட்டஸ் பாத்தேன். வச்சிட்டீங்களாமே! எங்களுக்குத்தான்னு சொன்னீங்களே அண்ணே?”

நெடுமாறன் பதறிப்போனார். அந்தப் பதற்றத்தில் ஒரு வருஷத்துக்கு ஆகிற பேச்சை ஒரே மூச்சில் பேசினார்.

“ஐயோ, யாருக்கும் குடுக்கலீங்க! உங்களுக்குன்னுதான் வச்சிருக்கேன். நாளைக்கே வாங்க.”

“நாளைக்கா? நல்ல நாளா இன்னான்னு…”

“தள்ளாதீங்க. நாளைக்கு விட்டா வாடிடும்.”

துரைக்கண்ணு தழுதழுத்த குரலில், “அடடா… வாடிடுமா! மனசு கேக்கலண்ணே. காலையிலயே வந்துடறோம். எத்தினி பேரு வரட்டும்?” என்றார்.

“வேன் எடுத்துக்கிட்டு வாங்க. சின்ன வேன் பத்தாது.”

போன் அணைந்ததும் கன்னியப்பன் புருவத்தைச் சுருக்கினான். “இன்னா மாமா இவன்? பூ வாங்குறதுக்கு நல்ல நாளு பாக்குறான், வாடிடும்னா அழுவுறான்.”

“நல்ல மனுஷன்,” என்றார் நெடுமாறன்.

மறுநாள் விடிகிற நேரத்திலேயே பறிக்க ஆரம்பித்தார்கள். கவிதா நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். “செடிக்குத்தானே மாமா?” என்று ஒவ்வொரு பூவுக்கும் ஒருமுறை கேட்டுச் சிரித்தாள். எட்டு மணிக்கெல்லாம் வீட்டு வாசலில் கூடை கூடையாகப் பூ. தெருவே சிவந்து கிடந்தது. மோனிகா கடைக்கு லீவு போட்டுவிட்டுத் தலைக்குக் குளித்துப் புதுப்புடவை கட்டியிருந்தாள். கோயிலுக்குப் போகிறாளாம்.

வேன் வந்தது. பெரிய வேன்தான். கதவு திறந்தது. பூ ஏற்ற ஆட்கள் இறங்குவார்கள் என்று நெடுமாறன் கூடைப் பக்கம் நகர்ந்தார். முதலில் ஒரு தேங்காய்த் தட்டு இறங்கியது. பின்னால் ஒரு பழத்தட்டு. அப்புறம் பட்டுப்புடவைகள், ஒன்றன் பின் ஒன்றாக. பூ தூக்குவதற்கு இவ்வளவு நல்ல துணி உடுத்திக்கொண்டு வருவார்களா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளைச் சட்டையில் துரைக்கண்ணு வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அடேங்கப்பா! எங்களுக்காகவா அண்ணே இத்தினி பூ?”

“உங்களுக்குத்தான்,” என்றார் நெடுமாறன்.

“இவன்தான் வளவன், எங்க பையன்,” என்று துரைக்கண்ணு ஒரு ஒல்லியான பையனை முன்னால் இழுத்துவிட்டார். “நேரம் போவுது. பொண்ண வரச் சொல்லுங்க.”

நெடுமாறனின் மௌனம் எத்தனையோ வகையாக இருந்திருக்கிறது. இது அந்த வகைகளில் சேராத மௌனம். வேனிலிருந்து கடைசியாக ராஜாம்பாள் இறங்கினாள், வெற்றிலை மென்றுகொண்டே.

“நீயா?” என்றார் நெடுமாறன்.

“இன்னா தம்பி, நீதானே நல்ல எடமா சொல்லுன்ன? சொன்னேன். கூட்டிக்கிட்டும் வந்துட்டேன்.”

‘வீட்ல பூ வைக்கிற மாதிரி இருக்குது. நல்ல எடமா ஒண்ணு சொல்லுக்கா.’ நெடுமாறனுக்குத் தன் குரலே காதில் கேட்டது. உங்களுக்குத்தான். யாருக்கும் குடுக்கல. தள்ளாதீங்க, வாடிடும். ஐயோ, வாடிடும்! எல்லாமே அவர் வாயிலிருந்து வந்தவை. வருஷம் முழுக்க மூடியிருந்த வாய் திறந்த நாலு தடவையும் பெண்ணையே தாரை வார்த்திருக்கிறது.

சுமலதா அவர் காதுக்குள் சீறினாள். “செடிக்குன்னீங்களே! இப்ப சொல்லுங்க பாப்போம், செடிக்குன்னு!”

அவர் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் துரைக்கண்ணுவின் முகம் மாறியது. “இன்னாண்ணே யோசிக்கிறீங்க? எங்களுக்குத்தான்னு நீங்க சொன்னீங்களா இல்லியா?”

சொன்னது சொன்னதுதான். பொய் சொல்ல நிறைய வார்த்தைகள் வேண்டும். அவரிடம் அத்தனை இல்லை.

“சொன்னேன்,” என்றார்.

“மாமா சொன்னேன்னுட்டாரு!” என்று கன்னியப்பன் கத்தினான். அவனுக்குப் பட்டுப்புடவை வீணாகவில்லை என்ற சந்தோஷம். “வாங்க வாங்க, உள்ள வாங்க! அக்கா, காப்பி போடு!”

நெடுமாறன் மகளைத் தேடினார். நிலைப்படியில் தலைகுனிந்து நின்றிருந்தாள். கிட்டே போனார்.

“வாணாம்னா சொல்லிடும்மா. நான் கால்ல விழுந்தாவது அனுப்பிடறேன்.”

மோனிகா நிமிரவில்லை. “நீ வாக்கு குடுத்துட்ட நைனா,” என்றாள் மெல்ல. “உன் வாக்க நான் காப்பாத்தணும் இல்ல?”

அவர் விலகி வழிவிட்டார். மாப்பிள்ளையின் அக்கா மல்லிச் சரத்தைச் செருகினாள். யாரோ ஒரு குட்டிப்பெண் கூடையிலிருந்து ஒரு கெய்லார்டியாவையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தது. கவிதா குலவையிட்டாள். “செடிக்கு!” என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போதுதான் துரைக்கண்ணு கூடைகளைத் திரும்பிப் பார்த்தார். “சம்பந்தி, இது இன்னா பூ? மேடைக்கு எடுப்பா இருக்குமே. ரெண்டு நாளு வாடாதுன்னு நெனைக்கிறேன். மொத்தத்தையும் ஏத்திடட்டுமா?” வேன் நிரம்பிவிட்டது. பாதிப் பேர் பஸ்ஸில் போனார்கள்.

அன்று சாயங்காலம் கல் நட யாரும் வரவில்லை. நிலம் தங்கிவிட்டது. ஆனால் நெடுமாறனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காணி நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ள, ஒரு வார்த்தையின் குழப்பத்தில், மகளைக் கேட்காமலேயே கொடுத்துவிட்டோம் என்று மனசு அறுத்தது. வைகாசி முழுக்க, ஆனி, ஆடி முழுக்க வரப்பில் உட்கார்ந்து காய்ந்த பூக்களைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். கிள்ளக் கிள்ளப் பூ அதிகமாக வந்தது. “உனக்குப் புடிச்சிருக்குதாம்மா?” என்று கேட்க வேண்டும் என்று தினமும் வீட்டுக்கு வருவார். மகள் முகத்தைப் பார்ப்பார். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. மேடை முழுக்க நெடுமாறன் நிலத்துப் பூதான். அதைப் பார்த்த திண்டிவனத்துக்காரர் ஒருவரும் இப்போது அவரிடம்தான் வாங்குகிறார். கன்னியப்பன் மனை வியாபாரத்தை விட்டுவிட்டு மாமாவின் பூவை வேனில் ஏற்றி ஊர் ஊராகப் போகிறான். மஞ்சள் பெயிண்டை வேனுக்கு அடித்துவிட்டான். சுமலதா இன்னும் அதைக் கைலாசம் என்றுதான் சொல்கிறாள், ஆனால் தினமும் ஒன்றைச் சாமிக்கு வைக்கிறாள். கவிதா ரேஷன் கடையில் இப்போது முன்னால் நிற்பதில்லை, நெடுமாறனுக்குப் பின்னால், அவர் போன் காதில் விழுகிற தூரத்தில் நிற்கிறாள். மோனிகாவும் வளவனும் அவலூர்பேட்டையில் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

நெடுமாறன் மட்டும் கல்யாணத்தன்று, தாலி ஏறிய கையோடு, மண்டபத்துக்குப் பின்னால் வந்துவிட்டார். அங்கே மிச்சப் பூவைக் கட்டிக்கொண்டிருந்த ராஜாம்பாளின் எதிரில் உட்கார்ந்தார். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாய் தவறிப் பொண்ணக் குடுத்துட்டேன்க்கா,” என்றார்.

ராஜாம்பாள் நாரைப் பல்லால் அறுத்துத் துப்பினாள்.

“அழுவாத தம்பி. ‘கல்யாணம்னு கேட்டா எங்க நைனா மலையப் பாத்துக்கிட்டு நின்னுடுவாரு, வளவன் வீட்டுக்காரங்கள பூ வச்சாச்சான்னு மட்டும் கேக்கச் சொல்லுங்க, ஆமான்னுடுவாரு’ன்னு உன்னை என்கிட்ட அனுப்புறதுக்கு மொத நாளே மோனிகா வந்து சொல்லிட்டுப் போச்சு.”